எழுபதுக்குக் கீழ்

முப்பத்தைந்து வயதுக்கு மேல்,
எழுபது கிலோவுக்குக் கீழ், பெண்கள்.
மூன்று வேலிக்குள்ளும் மாவட்டம் முழுக்கத் தேடி
இரண்டு பேரைப் பிடித்திருந்தார்கள்.

நகைக்கடன் கவுண்டரில் பதினோரு வருஷம்,
நிறுத்துத்தான் பழக்கம் எனக்கு.
கல்லுக்குக் கழிவு, அரக்குக்குக் கழிவு,
அழுக்குக்கும் மனசுக்குள் ஒரு கழிவு.
இன்று செக்காலை ரோட்டு மண்டபத்தில்
சமையல்கட்டு வாசலில்
அரிசி நிறுக்கும் தராசில் என்னை ஏறச்சொன்னார்கள்.
எழுபது கிலோ, எண்பது கிராம்.

வளையல் இரண்டும் பதினாறு. கொலுசு நாற்பத்து நாலு.
சங்கிலி முப்பது. கூட்டிப் பார்க்கவே வேண்டாம்,
கையே சொல்லும்.
எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்து
கோச்சிடம் நீட்டினேன்.
நவநீதனுக்கு இருபத்தாறு வயசு.
தாலி இருப்பது தெரிந்ததும்
சூடான பாத்திரம்போல வாங்கினான்.
மெட்டி மட்டும் வரவில்லை.
சோப்பும் தோற்றது. பிளாஸ்திரி சுற்றிவிட்டார்கள்.

ஜூடோவுக்கு நான் சண்டை கற்க வரவில்லை.
கானாடுகாத்தான் திருப்பத்தில் மணல்,
ஸ்கூட்டி ஒரு பக்கம், மணிக்கட்டு ஒரு பக்கம்.
மாவுக்கட்டுப் போட்டவர் சிரித்துக்கொண்டே சொன்னார்,
விழுறதுக்கே கிளாஸ் இருக்கும்மா.
போனேன்.
மூன்று மாதம் விழுந்தேன்.
மல்லாக்க, ஒருக்களித்து, உருண்டு.
என் பக்கத்தில் விழுந்தவர்களுக்கு எல்லாம்
பால்பல்.

ஆரோக்கியசெல்வி, புதுவயல்.
அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறாள்;
ஆள் வராத நாளில் மூட்டையும் ஏற்றுவாளாம்.
வணங்கினோம்.
காலரைப் பிடித்தால் தவிட்டு வாசனை.

முதலில் சுற்றினோம், சுற்றினோம்,
அம்மிமேல் கால் வைக்க மறந்த
இரண்டு மணப்பெண்கள்போல.
ஒரு தடவை அவள் கால் என் காலில் மாட்டியது,
நான் ஒன்றும் செய்யவில்லை, சத்தியமாக,
அவள் உட்கார்ந்துவிட்டாள்.
ஓரத்தில் ரவா உப்புமா தின்றுகொண்டிருந்த பிள்ளைகள்
தட்டோடு எழுந்தார்கள்.
நடுவர் கை அசைக்கவில்லை. புள்ளி இல்லை.
இருந்தாலும் உட்கார்ந்தாளே.

அப்புறம் இடுப்பில் என்னை ஏற்றினாள்.
எழுபதுக்குப் பத்து கிராம் குறைவான நான்
கொஞ்ச நேரம் யார் கணக்கிலும் இல்லை.
விழுந்தேன்.
கை தானாகப் பாயை அறைந்தது,
வெடி மாதிரி.
நாற்பத்திரண்டு வயசில் நான் செய்த
சுத்தமான காரியம் அதுதான்.

அரைப் புள்ளி.
மீதி அரைக்கு அவள் பத்து வினாடி
என்மேல் படுத்திருந்தால் போதும்.
படுத்தாள்.
தலைகீழாக மேடை தெரிந்தது.
நேற்றைய ரிசப்ஷனின் தெர்மாகோல் எழுத்து:
சோலையப்பன், அடுத்து ஒரு இதயம், அடுத்து 'வள்'.
மிச்சத்தைப் பிய்த்துப் போயிருந்தார்கள்.
வள்ளியா வள்ளிக்கண்ணா என்று யோசிக்கும்போது
காதுக்குள் ஆரோக்கியசெல்வி சொன்னாள்:
மூச்ச விடுக்கா, மூச்ச விடு.

வெள்ளிப் பதக்கம். உரைத்துப் பார்க்க அவசியமில்லை.
மண்டபத்து வாசலில் சங்கிலியைப் போட்டுக்கொள்ள
வீங்கிய விரலுக்குக் கொக்கி பிடிபடவில்லை.
அவள்தான் பின்னால் நின்று மாட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை.
நிறுவனத்தின் சுடிதாருக்கு அரைக்கை.
ஒரு ஜோடிக் கம்மலைத் தள்ளிய பெண்
என் முழங்கைக்கு மேல் பார்த்தாள்.
நாலு விரல், ஒரு கட்டைவிரல்,
நாவல்பழ நிறத்தில்.
கண்ணாடிக்குக் கீழே குனிந்து கேட்டாள்:
வீட்லயாம்மா?

இல்லைங்க, போட்டி, ஜூடோ, என்றேன்.
பதக்கம்கூடக் கைப்பைக்குள் இருந்தது.
ஆமாம்மா, என்றாள்,
நானும் மாடிப்படின்னுதான் சொல்வேன்.

நாலு கிராம் இருநூறு. கல்லுக்குக் கழிவு.
ரசீதை மடிக்கும்போது
முந்தானையை இழுத்துக்
கை முழுக்க மூடிக்கொண்டாள்.