ஷேட் கார்டு

லெ போர் துறைமுகத்தில் கப்பலின் பக்கக் கதவு திறந்ததும்
சட்டையில் பச்சை வட்டம் ஒட்டினார்கள்: குழு பதினான்கு.
வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், கரூர்ப் பெயிண்ட் கடைக்காரர்கள்
பெண்டாட்டி பிள்ளைகளோடு ரீயூனியன் வெயிலில் கண் கூச நின்றோம்.
கம்பெனி கூட்டிவந்த இலவசப் பயணம்.
இலவசம் என்றுதான்
தெருவில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார் இவர்.

வேன் ஓட்டியவள் ழிஸ்லேன் மாரிமுத்து.
கழுத்து அட்டையில் பெயரைப் பார்த்துவிட்டு
கரூர்க்காரர் தமிழில் ஊர் விசாரித்தார்.
அவள் சிரித்தாள். ரேடியோவைக் கூட்டி வைத்தாள்.
தலைகளை எண்ணினாள், சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினாள்,
ஐந்து மணி என்று ஐந்து விரலை விரித்துக் காட்டினாள்.
கப்பல் காத்திருக்காது.
எரிமலை வேண்டுமானால் காத்திருக்கும்.

ஏற ஏறக் காதடைத்தது.
தர்ஷித் மூன்றாம் வளைவில் வாந்தி எடுத்தான், ஏழாவதில் தூங்கினான்.
நிறைமதி தலையைத் திருப்பவேயில்லை, காதில் வயர்.
இவர் மட்டும் நெற்றியைக் கண்ணாடியில் பதித்து
தகரக் கூரைகளுக்கு எண் சொல்லிக்கொண்டு வந்தார்:
அது எட்டு ஒன்று நாலு ஏழு.
அது பழைய சரக்கு, இப்ப வர்றதில்ல.
அந்தச் சிவப்பு உப்புக்காத்துக்கு ரெண்டு வருசம் தாங்காது,
யாரோ ஏமாத்திட்டான் பாவம்.

மார்ச் கடைசி வாரம்
டார்கெட்டுக்கு நூற்றெண்பது டின் குறைந்தது.
என் ஆறு வளையலும் நகைக்கடன் கவுன்ட்டருக்குப் போயின.
டின்கள் வீட்டுக்கு வந்தன.
மாடி அறையில் ஐவரி, ஐவரி, ஐவரி,
கட்டிலுக்கும் அடுக்குக்கும் நடுவே
ஒருக்களித்துத்தான் போகவேண்டும்.
இரவில் புரண்டால் முழங்கை இடிக்கும்.

வழியில் ஒரு கடையில்
நீள ரொட்டிக்குள் கொழுக்கட்டை மாதிரி எதையோ வைத்து
மிளகாய் அப்பிக் கொடுத்தாள் ழிஸ்லேன்.
இரண்டாவது கேட்டு வாங்கினேன்.
யூரோவை ரூபாயாக்கிச் சொல்ல வாய் திறந்தவர்
என்னைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

பிறகு மரம் இல்லை, புல் இல்லை.
கரிந்த மணல்வெளி, நடுவில் ஒரு செம்மண் தடம்,
எங்கள் வேன், எங்கள் புழுதி.
எண் சொல்வதை எப்போது நிறுத்தினார் என்று
நான் கவனிக்கவில்லை.

விளிம்பில் போய் நின்றோம். எரிமலை இல்லை.
கம்பிக்கு அந்தப் பக்கம் முழுக்க மேகம்.
இவ்வளவு தூரம் வந்தது இதுக்கா என்று
கரூர்க்காரர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்,
யாரிடம் என்று தெரியாமல்.
இவர் கம்பியைப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.
"ப்ரைமர்தான் அடிச்சிருக்கான்" என்றார்,
"இன்னும் கலர் ஏத்தல."
யாரும் சிரிக்கவில்லை.
நான் சிரித்தேன், மூக்கில் புரை ஏறும்வரை.

அப்போதுதான் மேகம் கிழிந்தது, ஒரு நிமிஷம்கூட இல்லை.
கீழே உறைந்த கறுப்பு, மடிப்பு மடிப்பாக,
ஆறிப்போன மாதிரியும் ஆறாத மாதிரியும்.
நிறைமதி வயரைக் கழற்றினாள்.
கூப்பிடத் திரும்பினேன்.
இவர் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.
பார்க்கவேயில்லை.

நாலு ஐம்பதுக்குத் துறைமுகம். ஸ்கேனர் பெல்ட் நின்றது.
அதிகாரி இவர் பேன்ட் பையைத் தொட்டுக் காட்டினான்.
கைக்குட்டையில் மடித்த கல், எலுமிச்சம்பழ அளவு.
எடுக்கக்கூடாதாம்.
மேசைக்கடியில் ஒரு நீலக் கூடை,
பாதிக்கு மேல் அதே மாதிரிக் கற்கள்.
இவர் கல்லும் விழுந்தது, எது என்று தெரியாமல் போனது.
"ஷேடுக்காக" என்றார், அவனிடம் இல்லை, என்னிடம்.
அப்போதுதான் கீழே பார்த்தேன்:
அவர் போட்டிருந்தது லேஸ் இல்லாத ஷூ.

கப்பல் நகர்ந்த பிறகு அறையில்
சூட்கேஸின் அடியிலிருந்து ஷேட் கார்டை எடுத்தார்.
இதையுமா கொண்டுவந்தீர்கள் என்று கேட்கவில்லை.
கைக்குட்டையில் ஒட்டியிருந்த தூளை
ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் வைத்தார்.
கறுப்பு மட்டும் பதினொன்று இருந்தது.
"லைட்ட இப்படிக் காட்டு" என்றார்.
ஃபோன் டார்ச்சை
வெறுங்கையை நீட்டிப் பிடித்தேன்.