பதினொன்றரை அடி

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
உரக்கடைக்கு மேலே ஒற்றை அறை.
ஜன்னலுக்கு நேரே டிரான்ஸ்ஃபார்மர்.
முன்பணம் கொடுத்த பிறகுதான் கேட்டது
யாரோ சொல்லும் முடியாத கதைக்கு
ம்… ம்… என்றுகூட விட்டுவிட்டு அல்ல,
ஒரே மூச்சாக
ம் கொட்டிக்கொண்டே இருக்கும் இரும்பு.

நொடிக்கு நூறு தடவை.
எனக்குத் தெரியும், காது பார்ப்பதுதான் என் வேலை.
மன்னார்குடி ஆஸ்பத்திரியில்
பஞ்சுச் சுவர் வைத்த பெட்டி அறைக்குள்
ஹெட்போன் மாட்டி உட்கார வைத்து
கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்பேன்.

கல்யாணமாகி மூன்றாம் வாரம்
உன்னையும் அதில் உட்கார வைத்தேன், இளஞ்சேரா.
எட்டுக் குறுவை எட்டுச் சம்பா
அறுவடை மிஷின் மேல் உட்கார்ந்த காது.
நேராக வந்த கோடு
நாலாயிரத்தில் பொத்தென்று விழுந்தது,
வரப்பில் நண்டு வளை பறித்த இடம்போல.
சிட்டுக்குருவி உனக்கு இல்லை.
குக்கர் தணிகிற சத்தம் இல்லை.
சசிரேகா என்று ஊர் கூப்பிட
ரேகா மட்டும் வந்து சேர்கிறாள் உன்னிடம்.

ஆனால் அடித்தொண்டைச் சத்தம் எதுவும் உனக்குத் தப்பாது.
குடிவந்த இரவே எழுந்து
அறைக்குள் தலையைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாய்.
"இங்க வந்து நில்லு. இப்ப அங்க."
நடுவில் நின்றால் கொழுத்துக் கிடந்தது.
கிழக்குச் சுவர்ப் பக்கம் ஓரிடத்தில்
யாரோ அதன் வாயைப் பொத்தியிருந்தார்கள்.

இஞ்சு டேப் எடுத்தேன்.
அறை பதினொன்றரை அடி.
அந்த அலை ஒன்றின் நீளமும் பதினொன்றரை அடி.
கட்டினவர் வாசல் எந்தத் திசை என்று பார்த்திருப்பார்,
இதை எங்கே பார்த்தார்.
போகிற அலை சுவரில் முட்டித் திரும்பி
வருகிற அலைமேல் ஏறிக்கொள்கிறது.
பிறகு எங்கும் போவதில்லை,
நின்ற இடத்திலேயே நடுங்குகிறது.
மூணாறு தலைப்பில் பலகை இறக்கிய அன்று
மதகடித் தண்ணீரை நீயும் பார்த்திருப்பாய்.

சுவரிலிருந்து மூன்றடிக்கு இரண்டு விரல் குறைவாக
சாக்பீஸால் ஒரு கோடு போட்டாய்.
எதிர்ச் சுவரிலிருந்து அதே அளவில் இன்னொன்று.
அமைதி அந்த இரண்டு கோட்டில்தான்.
ஆகவே இரண்டு பாய்.
ஆறடி முழக்கத்துக்கு
அந்தக் கரையில் நீ, இந்தக் கரையில் நான்.
என் சொற்களில் பாதி நடுவிலேயே தங்கிவிடும்,
நீ தலையாட்டுவாய், புரிந்ததுபோல.

ஐப்பசியில் அந்தச் சண்டை.
மிஷின் தவணையில் தொடங்கி
என் அம்மா வரைக்கும் போனது.
நான்கு நாள் யாரும் கோட்டைத் தாண்டவில்லை.
இரண்டு பூச்சியத்தில் இரண்டு பேர்.
படித்தபோது மதிப்பெண்ணுக்காக எழுதிய ஒன்று
அந்த இரவுகளில்தான் புரிந்தது:
காதுக்கு எதுவும் எட்டாத அந்தக் கோட்டில்தான்
காற்று அதிகமாக அலைகிறது,
இங்கும் அங்கும், இங்கும் அங்கும்,
உறக்கமில்லாமல்.

ஐந்தாம் நாள் மழை.
பதினொரு மணிக்கு டமார் என்று ஏதோ வெடித்துக்
கேட்டுத் தெரு முழுக்கக் கரண்ட் போனது.
அறை சட்டென்று தட்டையானது.
மேடு எது, பள்ளம் எது,
சாக்பீஸ் கோடு எங்கே, ஒன்றும் தெரியவில்லை.
உரமூட்டை வாசனை. வெளியே தவளைகள்.
இருட்டில் உன் குரல்,
"ரேகா, எங்கருக்க?"

சுவர்ப்பக்கம்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.
சு உனக்குக் கேட்காது.
பல்லில் உரசுகிற எழுத்தெல்லாம் தள்ளிவிட்டு
உதட்டை மூடி
ம் என்றேன்.
பாய் நகர்கிற சத்தம்.
இன்னொரு தடவை, ம்.

மூன்றரைக்குக் கரண்ட் வந்தது.
நடுவில்தான் கிடந்தோம்.
இரும்பு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது,
உச்சத்தில், எங்கள் தலைக்கு நேரே.
நீ ஒரு காதை என் தோளில் புதைத்துக்கொண்டாய்,
மற்றதை நான் பொத்தினேன்.