மூன்றாவது அளவு

ஆறாம் பக்கத்தில் இரண்டு கட்டங்கள்.
இவளை எத்தனை நாளாகத் தெரியும், எந்த வகையில் தெரியும் என்று
யாரிடமோ கேட்கப்போகிறார்கள்.

முதல் கட்டம் சுலபம்.
துறைத்தலைவர் திருநாவலன் சார்
மஞ்சக்குப்பம் வீட்டு வாசலில்
ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்:
"நீயே அடிச்சு எடுத்துட்டு வாம்மா, போட்டுத் தரேன்."
டவுன் பஸ்ஸில் நின்றபடி செல்போனில் எழுதினேன்.
தில்லைக்கரசி கூர்மையானவள்.
தில்லைக்கரசி தலைமைப் பண்பு மிக்கவள்.
கெடிலம் பாலம் தாண்டுவதற்குள்
அந்தத் தில்லைக்கரசிமேல் எனக்கே பொறாமை.
மறுநாள் பச்சை மையில் கையெழுத்து, முத்திரை.
"நீ பாட்டனிதானே?"
கெமிஸ்ட்ரி சார்.
"அதான், அதான்."

இரண்டாம் கட்டம்
மூன்று இரவாகக் காலி.

முதுநகர் அடிபம்புத் தண்ணீரின் கடினத்தன்மை.
முதல் அளவு பதினெட்டு புள்ளி ஆறு.
இரண்டாவது பத்தொன்பது புள்ளி ஒன்று.
மூன்றாவதை நான் எடுக்கவே இல்லை.
நாலு பத்துக்கு பஸ்.
பதினெட்டு புள்ளி ஆறு என்று எழுதிவிட்டு ஓடினேன்.
முப்பத்தெட்டு நோட்டுகளில்
அந்த ஒரு எண்ணைச் சுற்றிப் பென்சில் வட்டம்:
"இது தண்ணி சொன்னதா, நீ சொன்னதா?"

கமலவேணி மேடம். கௌரவ விரிவுரையாளர்.
வருஷத்துக்குப் பதினோரு மாதச் சம்பளம்,
அதிலும் மூன்று மாதம் பாக்கி.
மறுநாள் மதியம் சாப்பிடப் போகாமல்
ப்யூரெட் பக்கத்தில் என்னோடு நின்றார்.
சிவப்பு நீலமாகிற அந்த ஒரு சொட்டுக்கு
இரண்டு பேரும் மூச்சைப் பிடித்தோம்.
பதினெட்டு புள்ளி எட்டு.
நல்லது என்றுகூடச் சொல்லவில்லை,
டப்பாவைத் திறந்தார். புளிசாதம்.

இப்போது நெல்லிக்குப்பம் ரோட்டுப் பெயின்ட் கடையில்
நிறம் கலக்கிறார்.
கல்லூரி முகவரி கிடையாது.
ஜிமெயிலைப் போட்டதும் கட்டம் சிவந்தது:
தனி முகவரிக்குக் காரணம் கூறுக, இருநூறு எழுத்துக்குள்.

நான் எழுதிய பொய்யைக்
கண்டுபிடித்தவர் இவர் ஒருவர்தான்.
அழித்தேன்.
திரும்ப அதையே எழுதினேன்.

பிறகு அவருக்குச் செய்தி.
கடை சாத்தும் நேரமும் தாண்டிப் பதில் வந்தது:
"அந்த மூணாவது ரீடிங்கைப் பத்தி எழுதலாமா?"

எழுதுங்க மேடம் என்று அடித்துவிட்டு
கொஞ்ச நேரம் அனுப்பாமல்
விரலை அப்படியே வைத்திருந்தேன்,
ஸ்டாப்காக்கைப் பிடித்திருப்பதுபோல.