பிழைக்குப் பிழை அனுப்பாதே

இரண்டு மணிக்கு சாட்ஸ்வொர்த்தில் லோட்ஷெட்டிங்.
ஏரீனா பார்க் டவரின் பேட்டரியைப் போன வாரமே
யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.
இரண்டு ஒன்றிலிருந்து
என் சர்வரின் கர்னலுக்குத் திரும்பி வருகின்றன:
‘போய்ச் சேரவில்லை.’

ஒவ்வொன்றின் மடியிலும்
நாங்கள் அனுப்பியதன் முதல் சில பைட்டுகள்.
முழுச் சேதி இல்லை,
அனுப்பியது யார் என்று கண்டுபிடிக்க மட்டும்.
கர்னல் பிரித்து, போர்ட் எண் பார்த்து
அந்த சாக்கெட்டின் வாசலில் வைக்கிறது.
தட்டுவதில்லை.
அது அடுத்த முறை வாய் திறந்தால்தான் சொல்லும்.

சாக்கெட் ஏற்கெனவே மூடியிருந்தால்
எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிக்கொண்டு
எறிந்துவிடும்.

பிழை சொல்லி வந்ததற்கு
இன்னொரு பிழை சொல்லி அனுப்பாதே
என்றும் ஒரு விதி.
கிரீசன் இதை உரக்கப் படித்தபோது
தாலி கட்டுமுன் வாசித்திருக்க வேண்டும் என்றேன்.
அப்போதெல்லாம் அவரும் சிரிப்பார்.

நான் பிங் போட்டுக்கொண்டே இருக்கிறேன்.
டீ ஆறி, ஆடை கட்டிவிட்டது.
போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

நான்கு முப்பத்திரண்டு. பதில்.
பதினொரு மில்லிசெகண்ட்,
ஒன்றுமே நடக்காத மாதிரி.

கவுன்டர் மட்டும் 3,118-இல் நிற்கிறது.
அதற்குக் கழிக்கத் தெரியாது.