நிக்கிற கால்

நாலுக்கு மூன்று. அவர்களுக்குக் கடைசிப் பெனால்டி.
அமலநேசன் பந்தை வைத்தான்.
எடுத்தான். துடைத்தான். திரும்பவும் வைத்தான்.

வாடையில் படகுகள் முட்டி ஆடும்போது
ஒரு அணியத்திலிருந்து அடுத்த அணியத்துக்கு
வாயில் பீடியோடு தாவுகிறவன் அவன்.
காலைக் கேட்டா தாவினான்?
கால் போகும், பின்னால் அவன் போவான்.
பின்னேரங்களில் குருநகர்க் கரையில்
இதே பந்தை, இதே தூரத்தில் வைத்து,
யாருடனோ கதைத்துக்கொண்டே
என் காதோரமாய்ப் போட்டவன்
நூறு தரமாவது.

இன்றைக்கு மதில் முழுக்கச் சனம்.
ஒலிபெருக்கியில் அவன் பெயர், தகப்பன் பெயரோடு.
பாரிசில் மச்சான்
வேலைக்குப் போகாமல் போனில் பார்க்கிறான்.

நான் பெரிய கீப்பர் இல்லை.
ஆனால் பூட்டு எங்கே இருக்கிறதென்று தெரியும்.
பதினொரு வருசம் லைசென்ஸ் இல்லாமல்
பட்டா ஓட்டினவன் நான்.
சோதனை நாளில் பக்கத்தில் இருந்தவர்
"கிளச்சை எப்பிடி விடுவீர், சொல்லும்" என்றார்.
சொல்லத் தொடங்கினேன்.
வாகனம் இரண்டு தரம் குதித்து நின்றுவிட்டது.
யாரோ இரவல் தந்த கால் போல
கிடந்தது என் கால்.

ஆகவே, விசிலுக்கு முன்,
ஒரு கூட்டாளி கேட்கிற மாதிரித்தான் கேட்டேன்:
"நேசன், நிக்கிற காலை எங்கையடா வைப்பாய்?"

குனிந்து பார்த்தான்.
அவ்வளவுதான்.

பந்து கம்பத்துக்கு மேலால்,
கருவாடு காய்ந்த பாய்களுக்கு மேலால் போய்
கடலில் விழுந்தது.
நாங்கள் கோப்பையைத் தூக்கும்போதும்
மிதந்துகொண்டிருந்தது.

பயந்தாங்கொள்ளி என்றார்கள்.
புயலில் வலை அறுத்தவனையா?
பயமில்லை அது.
சும்மா கிடந்த காலுக்கு
திடீரென்று ஒரு தலை முளைத்தது.
முளைக்க வைத்தவன் நான்.

மூன்று மாதம் போய்ச் சின்னக்கடையில்
தமையனின் பலகையில் விளைமீன் வெட்டுகிறான்.
கண் என்னில், வாய் பக்கத்துக்காரியோடு விலையில்,
கத்தி தன்பாட்டில்.
விரலுக்கும் அலகுக்கும் நடுவே
ஒரு நூல் இடைவெளி.

மன்னிப்பு தொண்டை வரைக்கும் வந்தது.
அந்தக் கதையை எடுத்தால்
குனிந்து கையைப் பார்ப்பான்.

"பெரிய துண்டோ, சின்னனோ?"

"உன்ரை விருப்பம்" என்றேன்,
தகரக் கூரையைப் பார்த்தபடி.