மே மாதத்துப் பனிநாடு

நாலு ரோட்டில், டயர் ரீட்ரெடிங் கடைக்கு மேல்,
ஷட்டர் இறங்கிய ஞாயிற்றுக்கிழமைகளில்
ஐந்து பேர், ஒரு மேசை,
ரப்பர் வெந்த வாசம்.
ஆட்டத்தை நடத்துவது நான்.
அசுரனுக்கும் குரல் கொடுப்பேன், சத்திரக்காரிக்கும்.
ஒருமுறை கதவுக்கே கொடுத்திருக்கிறேன்.

ஒரு கதை முடிந்தால்
அடுத்தது எந்த உலகம் என்று ஓட்டெடுப்பு.
தட்டுவடை செட் வாங்கி வந்த டப்பாவில் சீட்டு.
ஆறு வருடத்து முடிவுகள்
பழைய டைரியின் பின்பக்கம் இருக்கின்றன.

டிராகன் நாடு பதினோரு முறை வென்றிருக்கிறது.
கோட்டை, குகை, பொற்குவியல்,
அதன்மேல் படுத்திருக்கும் பெரிய பல்லி
என்று நான் எவ்வளவு கேலி செய்தாலும்
டெபாசிட் போகாத கட்சி அது.
நீராவி எந்திர நகரத்துக்கு
இளம்பரிதி ஒருவனே விடாமல் பிரசாரம் செய்வான்.
உருக்காலையில் ஷிஃப்ட் முடித்து வந்தும்
கொதிகலன்தான் கேட்கிறது அந்த மனசு.
விண்கலம் ஒரே தடவை.
நடுவில் கரண்ட் போயிற்று.
கலமும் அணைந்துவிட்டதாக அறிவித்துவிட்டு
பரோட்டா சாப்பிடப் போனோம்.

டைரியை மாதவாரியாகப் புரட்டினால் வேறொன்று தெரியும்.
ஏப்ரல், மே என்றால் பனிநாடு.
தவறியதே இல்லை.
ஃபேன் சுடுகாற்றை எங்கள் மேலேயே திருப்பி ஊற்றும்போது
சௌடேஸ்வரி மூன்று சீட்டு கேட்பாள்,
மூன்றிலும் பனி என்றே எழுத.
டிசம்பரில் பாலைவனம்.
அது ரெக்ஸ்லினின் வேலை. ஏற்காட்டுக்காரன்.
பத்து நாளாய்க் காயாத ஜீன்ஸோடு
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி,
சட்டைப்பையில் இருபது முகப் பகடை உருள உருள வந்து
வெயில் வேண்டும் என்பான்,
பொய் வெயிலானாலும் பரவாயில்லை என்பான்.

என் உலகமும் ஒன்று உண்டு.
யாரும் அச்சடிக்காதது. நாற்பது பக்க நோட்டு.
வெள்ளைக்கல் தோண்டிய குழிகளுக்குள் ஓர் அரசு.
அங்கே நிழல்தான் நாணயம்.
நண்பகலில் எல்லோரும் ஏழை.
ஒவ்வொரு தேர்தலிலும் அதற்கு ஒரே ஓட்டு.
யார் போட்டது என்று யாரும் கேட்பதில்லை. நாகரிகம்.

இந்த மே மாதம் நான் எனக்குப் போடவில்லை.
பனிநாடு என்று எழுதி மடித்தேன்.
எண்ணிக்கொண்டே வந்த ஹஃபீஸ்
ஒரு சீட்டைப் பிரித்து, "குழிநாடு, ஒன்று" என்றான்.
இருட்டில் ஒரு படி தவறியதுபோல் இருந்தது.
யார்? சௌடேஸ்வரியா?
ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.
அவன் மறுபடி எண்ணி,
"ஐந்து பேருக்கு ஆறு ஓட்டா?" என்றான்.

வாங்கிப் பார்த்தேன்.
எண்ணெய்க் கறை. என் கையெழுத்து.
மூடியில் ஒட்டிக் கிடந்த போன வருடத்துச் சீட்டு.
"கள்ள ஓட்டு. செல்லாது" என்றேன்.
சிரித்தோம். நான் கொஞ்சம் தாமதமாக.

பனிநாடு மூன்று, டிராகன் ஒன்று, கொதிகலன் ஒன்று.
வடக்குக் கணவாய், இரவு, என்று தொடங்கினேன்.
"பனி எப்படி இருக்கும்?" என்றான் ரெக்ஸ்லின்.
"நீ சொல்லு, நீதானே மலைமேல் இருக்கிறாய்?"
"அது புகை மாதிரி. அள்ள முடியாது.
தரையில் கிடக்குமே, அந்தப் பனி."

ஐந்து பேரில் ஒருவரும் பார்த்ததில்லை.
ஃப்ரீசர் சுவர், என்றாள் சௌடேஸ்வரி.
நான் சொன்னேன்:
வெட்டிப்போட்ட வெள்ளைக் குன்றுகள்.
நிலா விழுந்தால் தரையே விளக்குப் போடும்.
லாரி போன பிறகு
புளிய இலைகளில் மாவாகப் படியும்.
நாக்கில் பட்டால் ருசி இல்லை.
வேட்டைக்குப் போனவன் வீடு திரும்பினால்
முதலில் இமைகளைத்தான் துடைத்துவிடுவார்கள்.

"லாரியா?" என்றான் இளம்பரிதி.
"வண்டி. ஆறு மாடு பூட்டியது" என்று திருத்தினேன்.
புளியமரத்தை யாரும் கேட்கவில்லை.

"குளிருமா?" என்றான் ஹஃபீஸ்.
"உருட்டிப் பார்."
உருட்டினான்.
பகடை மேசை விளிம்பைத் தாண்டி
மூலையில் கிடந்த டயர் ஒன்றுக்குள் விழுந்தது.
செல்போன் வெளிச்சத்தில், வேர்த்து வழிய,
குனிந்து தேடிக்கொண்டிருக்கிறோம்,
குளிருமா குளிராதா என்று.