எதிர்பாராத உள்வரும் அழைப்பு

மல்லாவியில் நெல்லு மில்லுக்கு மேலே ஓர் அறை.
மேசையில் நான்கு போன், நான்கு சிம்,
விசைப்பலகையில் ஓர் எழுத்து விழுந்துபோன லாப்டாப்.
கீழே மில் ஓடத் தொடங்கினால்
போன்கள் நடுங்கி நடுங்கி நகர்ந்து
மேசை விளிம்புக்கு வந்துவிடும்.
ரப்பர் பாண்ட் போட்டுக் கட்டிவைத்தேன்.
இதையும் அறிக்கையில் எழுதவா என்று கேட்டதற்குக்
கொழும்பிலிருந்து ருவந்த சிரித்தான்.

மாங்குளம் றோட்டில் புதுக் கோபுரம்.
ஒரு கோபுரத்தின் கையிலிருந்து மற்றதன் கைக்கு
மாறுகிற இடத்தில்
கோல் நழுவி விழுகிறதாம்.
எத்தனை தரம், எந்த நேரம், மழைக்கா வெயிலுக்கா
ஒருவருக்கும் தெரியாது.
விரலால் அடித்து அடித்து எண்ண
எனக்கு இன்னொரு பிறவி வேண்டும்.
ஆகவே ஒரு ஸ்கிரிப்ட்.

ஒன்று மூன்றைக் கூப்பிடும்.
இரண்டு ரிங் போனதும் மூன்று எடுக்கும்.
எடுத்ததும் ஒரே சுருதியில் ஒரு கூவல், முப்பது செக்கன்.
மறுமுனையில் முழுதாய்க் கேட்டால் சரி.
பாதியில் அறுந்தால் அறுந்த செக்கனை எழுது.
வை.
பன்னிரண்டு செக்கன் மூச்சு விடு.
திரும்பவும் கூப்பிடு.

சுலபம் என்றுதான் நினைத்தேன்.
ஆள் வேறு கதையில் இருப்பதும்
பார்த்துவிட்டு வெட்டுவதும்
போனை அணைத்துப் போட்டதும்
காட்டுக்குள் நிற்பதும்
கூப்பிடுகிறவர் காதுக்கு ஏறக்குறைய ஒன்றே.
ஸ்கிரிப்ட் அப்படி மயங்கக் கூடாது.
பதினேழு: ஆள் வேறு கோலில்.
இருபத்தொன்று: ஆளுக்கு விருப்பமில்லை.
இருபது: ஆள் இல்லை.
அந்த வரியைத் தட்டும்போது மில் நின்றிருந்தது.

இரவு பதிவைத் திறந்தால் இரண்டாயிரத்துச் சொச்சம் வரி.
இடையிடையே என்னுடையதல்லாத இலக்கங்கள்.
மூன்றாம் சிம்முக்கு முன்பொரு சொந்தக்காரர் இருந்திருக்கிறார்,
வெட்டு மெசின் வாடகைக்கு விடுகிறவர்.
மாசி மாதம். வயலெல்லாம் முற்றி நிற்கிறது.
'புவனேந்திரமோ? மெசின் எப்ப வரும்?'
என் ஸ்கிரிப்ட் இரண்டு ரிங்கில் எடுத்துக் கூவியிருக்கிறது.
'என்ன காணும், விடியவே ஊளையிடுறீர்?'

ஓர் இலக்கம் மட்டும் ஒன்றும் பேசவில்லை.
காலை ஆறு பத்துக்கு வரும்.
கூவல் முடியும்வரை கேட்கும். வைக்கும்.
மூன்று நாளும் ஒரே பதிவு:
எதிர்பாராத உள்வரும் அழைப்பு. தோல்வி.

நான்காம் நாள் ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு
நானே எடுத்தேன்.
அந்தப் பக்கம் காற்று, தண்ணீர், ஒரு இருமல்.
'இண்டைக்குக் கூவேல்லையோ?'

வவுனிக்குளத்தில் வலை போடுகிறவராம். பேர் ஏகநாயகம்.
மெசின்காரரின் இலக்கம்தான் மனப்பாடமாம்.
'மருதமரத்தடியில நிண்டா உங்கட கூவல்
பதினொண்டு எண்ண அறுந்திடும் பிள்ளை.
துருசடிக்கு வந்தா முப்பதும் நிக்கும்.
பனி விழுந்தா இருபத்திரண்டு.
ஐஸ் லொறிக்கு எங்க நிண்டு அடிக்கிறதெண்டு
பாக்கத்தானே வேணும்.'

லொறிக்காரருக்கே அடித்துப் பார்த்திருக்கலாமே?

'விடிய எழுப்பினா அவன் ஏசுவான்.
நீங்கள் ஏசேல்லை. கூவினீங்கள்.'

என் வரைபடத்தில் அந்தக் குளக்கட்டு முழுதும்
ஒரே பச்சை.
வாகனத்துக்குள் இருந்தபடி ஒருமுறை கடந்ததில்
பூசிய பச்சை.
மருதமரத்தை அது பார்க்கவேயில்லை.

இரவு ஒரு வரி சேர்த்தேன்:
இந்த இலக்கம் வந்தால் தோல்வி என்று எழுதாதே.
எடு. அறுபது செக்கன் கூவு.
ருவந்த கேட்டான், இது யாருடைய இலக்கம்?
வரிக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதிவைத்தேன்:
ஐந்தாம் போன். இருப்பிடம் துருசடி.
ரப்பர் பாண்ட் தேவையில்லை.